உணவில் இல்லாத நிறம்

ஸ்மில்தினேவிலிருந்து கடைசிப் படகு திரும்பியதும்
டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு வந்தேன்.
இரவு பதினொன்று இருபது.
கொதிநீரில் பன்னிரண்டு கொல்தூனாய்,
இறைச்சி அடைத்த சின்னக் கொழுக்கட்டைகள்,
மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடு.
ஆறு உள்ளே போய்விட்டன.
ஏழாவது
பல்லுக்கு வழிவிடவில்லை.

உள்ளங்கையில் துப்பினேன்.
நீலம்.
சுருண்டு, வெந்து, மிளகு ஒட்டி,
ஒரு விரலின் சுற்றளவை இன்னும் மறக்காத
பிளாஸ்திரி.

முதலில் வாய் கொப்பளித்தேன்.
பிறகு குப்பைத்தொட்டியின் மிதியை மிதித்தேன்.
மூடி திறந்தபடி நின்றது, நானும் நின்றேன்.
போட்டிருந்தால் இந்த இரவு
அங்கேயே முடிந்திருக்கும்.

வைதோதாஸ் தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தான்.
"படம் எடு. ஊருக்கெல்லாம் காட்டு.
ஒரு வருஷத்துக்கு இலவசமாகத் தருவான்."
"இனி யார் தின்பது?"
"நான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

மூன்று குளிர்காலம் மீன் ஆலையில் நின்றவள் நான்.
ஹெர்ரிங்கின் முதுகும் என் விரலும்
ஒரே கத்திக்குத் திறந்ததுண்டு.
அங்கே பிளாஸ்திரி என்றால் நீலம்தான்.
மீனில் இல்லை, மாவில் இல்லை, இறைச்சியில் இல்லை,
கடவுள் சமைக்க மறந்த நிறம்.
விழுந்தால் கண்ணில் படட்டும் என்று.
தரும்போதே ஏட்டில் ஏற்றுவார்கள்:
பெயர், எந்த விரல், எத்தனை மணி.
ஷிஃப்ட் முடிவில் நீட்டிக் காட்ட வேண்டும்,
பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவது போல.

ஆக, எங்கோ ஒரு ஏட்டில்
யாரோ ஒருத்தியின் பெயருக்கு எதிரே
திரும்பி வராத விரல்கட்டு ஒன்று இருக்கிறது.
நான் ஒரு போன் செய்தால் போதும்,
அந்த வரியில்தான் எல்லாரும் போய் நிற்பார்கள்.
அவளுக்கு அது முதல் மாதமாக இருக்கலாம்.
வாடகை பாக்கி இருக்கலாம்.
இரண்டு மணிவரை அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்,
யாரென்றே தெரியாமல்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான்
விளக்கடியில் அதன் ஓரம் மினுங்கியது.
பஞ்சுக்கும் துணிக்கும் நடுவே
நூலளவு உலோகத் தாள்.
மறந்தேபோயிருந்தேன்.
அழகுக்கு வைத்ததல்ல அது.
பாக்கெட்டுகள் கடைசியாக ஒரு வளையத்துக்குள் நுழைந்து வரும்,
தகடு இருந்தால் வளையம் அலறும், பெல்ட் நிற்கும்.
எங்கள் ஆலையில் அடிக்கடி அலறும்.
அலறினால் நிமிடத்துக்கு நாற்பது பாக்கெட் நஷ்டம்.
அலறாமல் இருக்க ஒரு திருகு உண்டு.
அந்தத் திருகு
வெட்டுப்பட்ட விரலுக்கு எட்டாது.
சாவி மாடியில், கண்ணாடி அறையில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள்.
சோற்றில் கிடந்ததோ ஒரு விரற்கடை நீலம்.
பூசணிக்காய் வேறு அறையில் இருந்தது.

அதற்குப் பிறகு கை தயங்கவில்லை.
கழுவாமல் கொள்ளாமல்
பிளாஸ்திரி காலி ஜாம் போத்தலுக்குள் போயிற்று.
மீந்த ஐந்தும், வேகாத பாதிப் பாக்கெட்டும்
உறைபெட்டியில், பட்டாணிக்குப் பக்கத்தில்.
தொட்டிக்குள் கசங்கிக் கிடந்த உறையை எடுத்து நீவி
தொகுதி எண்ணைக் குறித்தேன்.
கீழே பொடி எழுத்தில் மணி: 03:52.
அந்த நேரத்தில் யாருக்குத்தான்
விரல் சொன்னபடி கேட்கும்.
ரசீது கோட்டுப் பையில் இருந்தது,
கிழிபட்ட படகுச் சீட்டுகளோடு.

காலையில் கம்பெனிக் குரல் தேனாக ஒழுகியது.
"பொருளை எங்களுக்கே அனுப்பிவிடுங்கள்,
அன்பளிப்புப் பெட்டி ஒன்று வரும்."
"படம் வரும்" என்றேன்.
"பொருள் அரசாங்க ஆய்வகத்துக்குப் போகிறது."
தேன் நின்றது.

உணவுப் பரிசோதனை அலுவலகத்தில்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மீசை முளைக்காத ஒருவன்.
"யார்மேல் புகார்?"
"ஆள்மேல் இல்லை.
வளையம் ஏன் அலறவில்லை, அதை எழுதிக்கொள்."
படிவத்தை என் பக்கம் தள்ளினான்.
பெயர்: ஸ்கிர்மாந்தே. முகவரி. வாங்கிய கடை.
கடைசிக் கட்டம்: காயம் ஏற்பட்டதா?
ஆம் என்று போட்டேன்.
என் வாயை, உதட்டை உற்றுப் பார்த்தான்.
"எங்கே?"

"எனக்கல்ல.
ஓரத்தில் எழுதியிருக்கிறேன், பார்."
"ஓரத்தில் எழுதக் கூடாது" என்றான்,
முத்திரையைக் குத்திக்கொண்டே.